போனைப் பிடுங்கினால் போதுமா?

2020 ஏப்ரல் 7 அன்று சிங்கப்பூரில் சர்க்கிட் பிரேக்கர் தொடங்கியபோது பாடம், வேலை தேடல், ஞாயிறு ஆராதனை எல்லாமே ஒரே திரைக்குள் வந்துவிட்டன. "போனை வை" என்று திட்டிய பெற்றோரே ஞாயிறு காலை "யூடியூபைப் போடு" என்றார்கள்! ஜூன் 1-உடன் கட்டுப்பாடு முடிந்தது, பழக்கம் முடியவில்லை.

பட்டம் பெற்றும் வேலை கிடைக்காத நம் வாலிபர்கள் விடியும்வரை போனைத் தள்ளிக்கொண்டிருப்பது பொழுதுபோக்குக்காக மட்டுமல்ல. "வேலை என்னாச்சு?" என்ற கேள்வியிலிருந்து ஒளிந்துகொள்ள அவர்களுக்கு வேறு இடமில்லை. இரவில் போனை ஹாலில் சார்ஜ் போடச் சொல்கிறோம், நல்லதுதான். ஆனால் வேலையிலிருக்கும் அண்ணன்மாரும் அக்காமாரும் பக்கத்தில் உட்கார்ந்து அவர்களுடைய விண்ணப்பங்களைப் பார்த்துத் திருத்தித் தரவேண்டும் என்றே கேட்கிறோம். வாலிபர் ஐக்கியக் கூட்டத்தில் அதற்கு அரை மணி நேரம் ஒதுக்கலாமே.