மனப்பாடம் காந்தத்தைக் கண்டுபிடிக்குமா?

கல்லூரியில் சேரும் முதலாண்டு மாணவர்களிடம் ஒரே அளவுள்ள இரண்டு துண்டுகளைத் தருவேன். ஒன்று சட்டக் காந்தம், மற்றது தேனிரும்பு. வேறு கருவி இல்லாமல் காந்தத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். நூற்றுக்கு 90 வாங்கியவர்களும் விழிக்கிறார்கள். 'விலக்கமே காந்தத்தின் உறுதியான சோதனை' என்ற மனப்பாடம் இங்கு உதவாது. விலக்கத்துக்கு இரு காந்தங்கள் வேண்டுமே!

ஒன்றின் முனையை மற்றதன் நடுப்பகுதியில் வையுங்கள். நன்றாக ஈர்த்தால், முனையைக் காட்டிய துண்டே காந்தம். ஈர்ப்பு மிகக் குறைவானால் அது இரும்பு. ஏனெனில் காந்தத்தின் வலிமை முனைகளில் மிகுதி; நடுவில் சொற்பம்.

1600இல் காந்தம் பற்றி நூல் வெளியிட்ட வில்லியம் கில்பர்ட், கேட்டதை அப்படியே நம்பாமல் செய்து பார்த்தே எழுதினார். விதியை ஒப்பிப்பதற்குத் தரும் மதிப்பெண்ணில் பாதியையாவது இப்படிச் செய்து காட்டுவதற்குத் தர வேண்டும் என்பேன். மாணவ நண்பர்களே, அதுவரை காத்திராமல் இன்றே செய்து பாருங்கள்.