எந்தப் பக்கத்தில் மூடி வைத்தீர்கள்?



அண்மையில் படித்த நாவல்களில் உங்களுக்குப் பிடித்தது எது, பிடிக்காதது எது என்று சென்ற இதழில் இந்தப் பக்கத்தின் அடியில் நான்கு வரியில் கேட்டிருந்தேன். பிடித்ததைப் பற்றித்தான் எல்லாரும் எழுதுவீர்கள் என்று எண்ணியிருந்தேன். அஞ்சலட்டை, உள்நாட்டுக் கடிதம், வாட்ஸ்அப் குரல்பதிவு என வந்தவற்றை ஒருநாள் முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். நீங்கள் கோபத்தோடு எழுதியவைதான் என்னை விடவே இல்லை.

மயிலாடுதுறைப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா தி.ஜானகிராமனின் 'மோகமுள்' பற்றி எட்டுப் பக்கம் எழுதியிருக்கிறார். கல்லூரியில் படித்த காலத்தில் நாயகன் பாபுவோடு சேர்ந்து தானும் ஏங்கினாராம். இப்போது மகளின் கல்யாணத்தை முடித்துவிட்டு, கொஞ்சம் ஓய்ந்த வேளையில் அதே புத்தகத்தை எடுத்திருக்கிறார். பாபுவின்மேல் ஒரே எரிச்சல். தன்னைவிடப் பத்து வயது மூத்தவளைக் கோயில் சிலைபோல மனதில் வைத்துக்கொண்டவன், அவள் வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று எத்தனை தடவை நினைத்துப் பார்த்தான் என்று கேட்கிறார். பாபுவின் இசை குரு ரங்கண்ணா வரும் இடங்களில் மட்டும் இந்த முறையும் கண் கலங்கிவிட்டதாம். இந்தக் கடிதத்தைப் பிடித்த நாவல் கட்டில் சேர்ப்பதா, பிடிக்காத நாவல் கட்டில் சேர்ப்பதா? இரண்டிலும் சேர்க்காமல் தனியே எடுத்து வைத்திருக்கிறேன். தி.ஜானகிராமன் உயிரோடு இருந்திருந்தால் இதைத் தபாலில் அவருக்கே அனுப்பியிருப்பேன்.

அசோகமித்திரனின் 'தண்ணீர்' பற்றி இரண்டு கடிதங்கள், இரண்டும் சென்னையிலிருந்து. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு கிடந்தபோது லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றவர் ஒருவர். நான் தெருவில் பார்த்ததைத்தானே எழுதியிருக்கிறார், எனக்குத் தெரியாதது இதில் என்ன இருக்கிறது என்பது அவர் கேள்வி. மற்றவர் அதே கோடையை அதே ஊரில் கழித்தவர். நாயகி ஜமுனா வாழ்க்கையே வேண்டாம் என்று நிற்கும்போது டீச்சரம்மா அவளிடம் பேசும் பேச்சில் ஆறுதல் என்று ஒரு சொல்கூட இல்லையே, ஆனாலும் அது எப்படி அவளைத் தூக்கி நிறுத்துகிறது என்று வியந்து எழுதியிருக்கிறார். இரண்டையும் எதிரெதிர்ப் பக்கத்தில் அச்சிட்டிருக்கிறோம். நான் இரண்டாமவர் கட்சி. ஆனால் முதலாமவரின் கேள்வியைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

சினிமா பார்த்துவிட்டுக் கல்கியின் 'பொன்னியின் செல்வ'னின் ஐந்து பாகங்களையும் வாங்கிப் படித்த தம்பி ஒருவருக்கு முடிவு பிடிக்கவில்லை. இத்தனை பேரைக் கூட்டி வந்துவிட்டு இப்படிச் சட்டென்று விட்டுவிட்டாரே என்கிறார். தம்பி, இந்தக் குறை உங்களுக்கு முன்பே சொல்லப்பட்டதுதான். 1950 முதல் 1954 வரை வாரம்தோறும் தொடராகப் படித்தவர்களும் இதையே சொன்னார்கள். அவர்களுக்காகவே கல்கி தனியாக ஒரு முடிவுரை எழுதி, யார் யார் பிறகு என்ன ஆனார்கள் என்று விளக்கினார். உங்கள் பதிப்பின் கடைசியில் அது இருக்கிறதா, பாருங்கள்.

வாசகர் கோபம் என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்'. 1966இல் ஆனந்த விகடனில் வந்த சிறுகதை. மழை நாளில் ஒருவனுடைய காரில் ஏறிய கல்லூரிப் பெண் கெடுக்கப்பட்டு வீடு திரும்புகிறாள். கணவனை இழந்த அவள் தாய் முதலில் பதறி அடித்தாலும், பிறகு மகளின் தலையில் தண்ணீரை ஊற்றிக் குளிப்பாட்டி, உன்மேல் எந்தக் கறையும் இல்லை என்று சொல்லிவிடுகிறாள். அவ்வளவுதான் கதை. அதை ஏற்க முடியாதவர்கள் கொதித்தார்கள். எந்தத் தாய் இப்படிச் செய்வாள் என்றார்கள்.

ஜெயகாந்தன் அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்ட விதம்தான் இன்றும் என்னை அசைக்கிறது. சரி, தாய் அப்படிச் செய்யவில்லை என்றே வைத்துக்கொள்வோம், அலறி ஊரைக் கூட்டிவிட்டாள் என்று வைத்துக்கொள்வோம், அந்தப் பெண் என்ன ஆவாள்? அப்படிப் பிறந்தவள்தான் கங்கா. அண்ணன் வீட்டை விட்டுத் துரத்துகிறான். மாமாவின் தயவில் படித்து, வேலைக்குப் போய், ஆண்டுகள் பல கழிந்த பிறகு ஒரு பத்திரிகையில் ஒரு கதையைப் படிக்கிறாள். தன் கதை. ஆனால் அதில் வரும் தாய் மகளை மன்னித்துத் தலையில் தண்ணீர் ஊற்றுகிறாள். தனக்குக் கிடைக்காத அம்மாவை ஒருத்தி அச்செழுத்தில் படிக்கும் அந்த இடத்தை, வாசகர் கோபத்துக்கு ஓர் எழுத்தாளர் கொடுத்த மிகப் பெரிய மரியாதை என்றே நான் நினைக்கிறேன். கங்காவின் கதை தினமணி கதிரில் 'காலங்கள் மாறும்' என்ற பெயரில் தொடராக வந்து, 'சில நேரங்களில் சில மனிதர்கள்' என்று நூலானது. 1972இல் சாகித்திய அகாதமி விருது பெற்றது. 'அக்கினிப் பிரவேசம்' எல்லாருக்கும் பிடித்துப்போயிருந்தால் கங்கா நமக்குக் கிடைத்திருப்பாளா என்று பலமுறை யோசித்திருக்கிறேன்.

பிடிக்காமல் போவதைப் பற்றி எனக்கே ஒன்று சொல்ல இருக்கிறது. ப.சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யை இருபத்து மூன்று வயதில் நூலகத்தில் எடுத்து, நாற்பது பக்கம் தாண்டாமல் திருப்பிக் கொடுத்தேன். ஜப்பானியப் படை மெடான் நகருக்குள் நுழைகிறது. அடுத்த தாளில் மதுரைத் தெரு வருகிறது. நடுவே மலாய்ச் சொற்கள், பழந்தமிழ்த் தொடர்கள், வட்டிக்கடை வழக்கு எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நின்றன. மொழி சரியில்லாத நாவல் என்று நண்பர்களிடம் அடித்துப் பேசினேன். ஒரு நண்பன் என்னோடு ஒரு வாரம் பேசவில்லை.

சென்ற ஆண்டு பொங்கல் விடுமுறையில், பினாங்கில் கடை வைத்திருந்த தன் தாத்தாவைப் பற்றி ஒரு பெரியவர் பேசக் கேட்டேன். நாலு வாக்கியத்துக்குள் கடல் கடந்து போனார், சின்னமங்கலத்துச் சந்தைக்கு வந்தார், மறுபடி கப்பலேறினார். வீட்டுக்கு வந்து அந்த நாவலை எடுத்து வாய்விட்டுப் படித்தேன். அன்று என்னைத் தடுக்கி விழவைத்த இடங்களெல்லாம் இப்போது பேச்சாகக் கேட்டன. ஊரை விட்டுப் போனவன் மனதில் ஊர் இப்படித்தான் குறுக்கே வரும். எழுதி முடித்துப் பத்தாண்டு அளவில் பதிப்பாளருக்குக் காத்திருந்து, 1972இல்தான் அந்த நாவல் அச்சேறியது. நண்பனைத் தொலைபேசியில் அழைத்து, நீ சொன்னதுதான் சரி என்றேன். இப்போதாவது படித்தாயே என்றான்.

அதற்காக, நீங்கள் மூடி வைத்த புத்தகங்களையெல்லாம் மறுபடி திறக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சில நாவல்கள் உண்மையிலேயே சுமார்தான், அதையும் யாராவது சொல்லியாக வேண்டும். 'மாதொருபாகன்' வழக்கில் 2016 ஜூலையில் தீர்ப்புச் சொன்ன சென்னை உயர் நீதிமன்றம், பிடிக்காத நூலைத் தூக்கிப் போட்டுவிடலாமே, படித்தே ஆக வேண்டும் என்று யார் கட்டாயப்படுத்தினார்கள் என்று கேட்டது. மூடி வைக்கும் உரிமை நமக்கு உண்டு. ஆனால் அந்த நாவலை எழுதிய பெருமாள்முருகனைப் பேனாவைக் கீழே வைக்கச் செய்த அந்த நாட்களை நினைத்தால் இன்றும் நெஞ்சு கனக்கிறது. அதனால்தான் இந்த இதழுக்கு வந்தவற்றில், எழுதியவரின் சாதியையும் குடும்பத்தையும் இழுத்த இரண்டு கடிதங்களைப் போடாமல் நிறுத்தியிருக்கிறேன். அனுப்பியவர்கள் நாவலைப் பற்றி மட்டும் மறுபடி எழுதினால் மகிழ்ச்சியோடு வெளியிடுவேன்.

இன்னொரு வேண்டுகோள். 'அருமை', 'போர்' என்று ஒற்றைச் சொல்லில் வந்த அட்டைகளும் நிறைய இருந்தன. அவற்றை அனுப்பியவர்கள் தயவுசெய்து இன்னும் ஒரே ஒரு வரி சேர்த்து அனுப்புங்கள். எந்த இடத்தில் அருமை? எந்தப் பக்கத்தில் மூடி வைத்தீர்கள், அப்போது மணி என்ன, அடுத்து என்ன செய்தீர்கள்? பழைய நாவலானாலும் சரி, போன மாதம் வந்ததானாலும் சரி. வாடகை நூலகத்தில் எடுத்த ரமணிசந்திரனைப் பற்றி எழுதத் தயங்கிய சகோதரி, தயங்காமல் எழுதுங்கள். இமையத்தின் 'செல்லாத பணம்' படிக்கும்போது மருத்துவமனைப் பகுதியைத் தாண்ட முடியாமல் நிறுத்திவிட்டேன் என்று எழுதிய செவிலியரே, நீங்கள் ஏன் நிறுத்தினீர்கள் என்பதை விரிவாகக் கேட்க ஆவலாக இருக்கிறேன். அந்த வார்டை உள்ளிருந்து பார்ப்பவர் நீங்கள்.

15ஆம் தேதிக்குள் வரும் கடிதங்களை அடுத்த இதழில் சேர்க்க முடியும். மயிலாடுதுறை அம்மா, உங்கள் எட்டுப் பக்கத்தையும் ஒரு வரி வெட்டாமல் அப்படியே போடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்