கொட்டியாரக் குடாவுக்கு ஒற்றைப் பாடம் போதாது

நிலைபேறான அபிவிருத்தியை ஒரே துறை மாணவருக்கு, ஒரே மொழி வகுப்பறையில், தனி அலகாகக் கற்பிப்பது திருகோணமலைக்குப் பொருந்தாது என்பது எமது அமைப்பின் நிலைப்பாடு. பல துறைகளையும் சமூகங்களையும் சேர்ந்த மாணவர் ஒரே குழுவாக இம்மாவட்டத்தின் பிரச்சினையொன்றை ஆராய வேண்டும். அதற்குப் புள்ளியும் கிடைக்க வேண்டும். கொட்டியாரக் குடாக் கரையிலுள்ள சம்பூரைப் பாருங்கள். 2006இல் இந்திய நிறுவனமொன்றுடன் உடன்பாடு கண்ட 500 மெகாவாற் நிலக்கரி மின்நிலையத் திட்டம் 2016இல் கைவிடப்பட்டது. குளிரூட்டிச் சூடேறிய நீர் குடாவில் கலந்தால் மீன் என்னாகும், சாம்பல் எங்கே போகும், போரில் இடம்பெயர்ந்தோரின் காணி யாருக்கு, நாட்டுக்கு மின்சாரம் எங்கிருந்து வரும்: உயிரியல், இரசாயனம், சட்டம், பொருளியல் எல்லாம் ஒரே இடத்தில் முட்டிக்கொண்டன. நமது உயர்தர வகுப்புகளோ இவற்றை வெவ்வேறு பிரிவுகளாக வெட்டிவைத்திருக்கின்றன. அதே சம்பூரில் சூரிய மின்நிலையத்துக்கு 2025 ஏப்ரலில் அடிக்கல் நாட்டப்பட்டது. வெயிலுக்குச் சாம்பல் இல்லை. காணிக் கேள்வி உண்டு.

துறைகள் கூடினால் மட்டும் போதாது, சமூகங்களும் கூடவேண்டும். மலைநாட்டில் பிறக்கும் மகாவலி, பொலன்னறுவை வயல்களைத் தொட்டு இக்குடாவில்தான் விழுகிறது. வயலில் இட்ட பசளையைப் பற்றிச் சேருவில விவசாயி அறிவார். வலையில் என்ன குறைந்தது என்பதை மூதூர், கிண்ணியா மீனவர் அறிவார். 2012 குடிசனமதிப்பீட்டின்படி மாவட்டத்தில் எந்தச் சமூகமும் சனத்தொகையில் பாதியை எட்டவில்லை. ஆனால் பிள்ளைகள் படிப்பது பெரும்பாலும் தனித்தனிப் பாடசாலைகளில். தமிழ், முஸ்லிம் மாணவருக்கு மொழி ஒன்று, வாசல் இரண்டு.

ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாத குழுவில் ஆங்கிலம் பேசுபவரே ஆள்வார் என்பார்கள். உண்மையான ஆபத்துத்தான். ஆகவே பேச்சுப்போட்டி போன்ற வேலை வேண்டாம். இறங்குதுறைக்கு வரும் மீனை நிறுப்பது, ஆற்றுநீரைச் சோதிப்பது, வரைபடம் வரைவது என்று தொடங்கலாம். குறிப்பேடு தமிழிலும் சிங்களத்திலும் இருக்கட்டும். ஒரு வலைக்கு மற்ற மொழியில் என்ன பெயர் என்று தேடுவதும் படிப்புத்தான். பரீட்சைச் சுமை கூடும் என்பது நியாயமான அச்சம். அதனால் புதிய பாடம் கேட்கவில்லை. இருக்கும் ஒப்படைகளுள் ஒன்றை இதற்கு விடக் கேட்கிறோம். கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்தில் பிரயோக விஞ்ஞானம், வணிகம், சித்த மருத்துவம் மூன்றும் அருகருகே இருப்பதால் அங்கே தொடங்குவது எளிது. சுருக்குவலையைப் பற்றிய மீனவர் தகராறு வகுப்பறைக்குள் வந்துவிடும் என்று தயங்குவோரும் உள்ளனர். வரட்டும், தீர்ப்புச் சொல்ல அல்ல, எந்த வலை எந்த அளவு மீனைப் பிடிக்கிறது என்று எண்ணிப் பார்க்க. ஒருநாள் முகாமில் மரம் நட்டுப் படமெடுத்துக் கலையும் நல்லிணக்கத்தை நாம் கேட்கவில்லை. மாரியில் மகாவலி கலங்கி வரும்போது ஒருமுறை, கச்சான் வீசும் கோடையில் மறுமுறை, அதே குழு அதே கரைக்குப் போகவேண்டும்.