படைச் சேவையும் மலையகத் தமிழரும்

படையிற் சேர்வதால் ஒருவனுக்கு வரும் பயன் என்ன, அவன் குடும்பத்துக்கு வரும் பயன் என்ன, நாட்டுக்கு வரும் பயன் என்ன என்பவை பிற நாட்டு மக்கள் சர்வசாதாரணமாக விவாதிக்கும் வினாக்கள். ஹட்டனைச் சூழ்ந்த தோட்டங்களில் வாழும் நம் மக்களுக்கோ, இவ்வினாக்களை எழுப்பும் தகுதியே நெடுங்காலம் மறுக்கப்பட்டிருந்தது. அக்கதையை அறியாமல் இன்று விடை காண்பதற்கில்லை.

வெள்ளையர் ஆட்சியில் இம்மலைகளில் இராணுவச் சீருடை துரைமாரின் உடையாக இருந்தது. 1900 இல் தோன்றிய தோட்டத் துரைமார் துப்பாக்கிப் படை 1949 இல் கலைக்கப்பட்டது. அதே ஆண்டில், 17 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், சுதந்திர இலங்கையின் இராணுவம் உருவாயிற்று. ஆனால் அதற்கு முந்திய ஆண்டிலேயே, 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கிவிட்டது. துரைமாரின் படை கலைந்த வேளையில், தொழிலாளியின் மகன் புதிய படையில் நுழையும் வழியும் அடைபட்டுப் போயிற்று. நாடற்றவன் எந்த நாட்டைக் காக்கப் புறப்படுவான்? 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் வந்த பின்னரே எஞ்சியிருந்தோருக்குப் பிரஜாவுரிமை கிட்டிற்று.

தமிழன் படைக்குத் தகுதியற்றவன் என்று கூறுவோர் உளராயின், 1955 இல் இலங்கை இராணுவத்தின் தளபதியாகப் பதவியேற்ற முதல் இலங்கையர் அன்ரன் முத்துக்குமாரு என்பதை அவர்கள் நினைவிற் கொள்வார்களாக. 1962 ஜனவரியில் அதிகாரிகள் சிலரின் ஆட்சிக் கவிழ்ப்புச் சதி வெளிப்பட்ட பின்னர்தான் தமிழரின் சேர்க்கை அருகிற்று. தோட்டத்தான் கொழுந்து கொய்யவே தகுந்தவன் என்போருக்கும் விடை உண்டு. கடல் கடந்த மலாயாவில், கூலிகள் என்று இகழப்பட்ட இறப்பர்த் தோட்டத் தமிழர், 1943 இல் இந்திய தேசிய இராணுவத்தில் ஆயிரக்கணக்கிற் சேர்ந்தனர். தோட்டத்துப் பெண்கள் கப்டன் லட்சுமியின் தலைமையில் ஜான்சி ராணிப் படையிற் பயின்றனர். அவர்கள் நம் இரத்தத்தின் இரத்தமல்லவா?

இனிப் பயனை நோக்குவோம். கொழுந்து கொய்யும் தாயின் நாட்சம்பளம் 1350 ரூபா என 2024 இல் நிர்ணயிக்கப்பட்டது. அவளுக்கு ஊழியர் சேமலாப நிதி உண்டு. மாதந்தோறும் வரும் ஓய்வூதியம் இல்லை. அவ்வீட்டில் ஒரு மகன் படையிற் சேர்ந்தால் நிலையான சம்பளமும், கைத்தொழிற் பயிற்சியும், மருத்துவ வசதியும், நெடுஞ்சேவைக்குப் பின் ஓய்வூதியமும் வருகின்றன. இவற்றை அற்பமென்று தள்ளிவிட முடியாது.

எனினும் நாணயத்தின் மறுபுறத்தையும் காட்டுவது நம் கடமை. போர்க்காலத்தில் தென்னிலங்கையின் ஏழை உழவர் குடும்பங்கள் பல மகனின் படைச் சம்பளத்தைக் கொண்டே வீடு கட்டின. அவற்றுட் பல மகனையே பறிகொடுத்தன. ஓய்வுபெற்ற படையினர் பலர் பெருஞ்சம்பளம் என்ற ஆசைவார்த்தையில் மயங்கி ரஷ்ய-உக்ரேன் போர்க்களத்துக்குக் கொண்டு செல்லப்பட்டதும், சிலர் அங்கே மாண்டதும் 2024 இல் வெளியாயின. வறுமை துரத்திப் படைக்கு அனுப்பியவனை, சேவை முடிந்த பின்னும் வறுமை விடவில்லை! மேலும், 2009 வரை நீடித்த போரில் சீருடை என்றால் நம்மவர் நினைவுக்கு வந்தவை சோதனைச் சாவடியும், 1979 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டமுமே. அதனை மறந்துவிடுங்கள் என்று தாய்மாரிடம் கூற நமக்கு உரிமை இல்லை.

நாட்டுக்கு என்ன பயன்? 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லந்தை மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. மண்ணுண்டோரைத் தேடி இராணுவத்தினர் தோண்டினர். அத்தகைய வேளையில், எந்தக் காம்பராவில் யார் உறங்கினர் என்று கதறும் தாயிடம் அவள் மொழியிலேயே கேட்டறியும் சிப்பாய் ஒருவன் எத்துணைப் பேருதவியாவான்! தன் மக்களின் மொழியை அறியாத படை, அம்மக்களைக் காக்கும் ஆற்றலிற் பாதியை இழந்த படையாகும்.

2030 ஆம் ஆண்டளவில் இராணுவத்தை ஒரு இலட்சமாகக் குறைப்பதாக அரசு 2023 இல் அறிவித்தது. நாம் அதனை வரவேற்கின்றோம். ஆயினும் சுருங்கும் படை ஓரினத்தின் படையாகவே சுருங்கலாகாது. இனத்தாலோ மொழியாலோ பிரசைக்குப் பாரபட்சம் காட்டலாகாது என்கிறது அரசியலமைப்பின் 12 ஆம் உறுப்புரை. தமிழும் அரசகரும மொழி என்கிறது 18 ஆம் உறுப்புரை. ஆகவே ஆட்சேர்ப்பு அறிவித்தலும், நேர்முகப் பரீட்சையும், பயிற்சியும் தமிழிலும் நடைபெறல் வேண்டும். தமிழ்ச் சிப்பாய் பதவியுயர்வுக்குத் தன் மொழியை விலையாகக் கொடுக்கும் நிலை இருத்தலாகாது.

பெற்றோருக்கு நாம் கூறுவது ஒன்றே. லயத்து வறுமைக்கு அஞ்சி உங்கள் பிள்ளையைப் படைக்கு அனுப்பாதீர்கள். அவன் படிக்கட்டும், பிற தொழில்களும் அவனுக்குத் திறந்திருக்கட்டும். அவற்றையெல்லாம் கண்ட பின்னரும் அவன் தானாக விரும்பிச் சீருடையைத் தெரிந்தெடுப்பானாயின், தலைநிமிர்ந்து செல்லட்டும். ஒரு காலத்தில் நாடற்றவன் என்று விலக்கப்பட்டவனின் பேரன் அவன். அவனை இந்நாட்டின் பிரசையாக மதித்து வரவேற்பது அரசின் கடமை.