வலி போச்சு... காயம் போச்சா?

'பையனுக்கு முழங்கால்ல அடி. லேசர் வெச்சா பத்தே நாள்ல ஆடலாம்னு சொல்றாங்க. நீங்க சித்த வைத்தியர், வேண்டாம்னுதானே சொல்வீங்க?' கபடி, கிரிக்கெட் என்று பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்பும் பெற்றோர் என்னிடம் அடிக்கடி இப்படிக் கேட்கிறார்கள். வேண்டாம் என்று நான் சொல்வதில்லை. ஆனால், எதற்கு, எப்போது என்பதில் கறாராக இருப்பேன்.

இது அறுக்கிற லேசர் இல்லை. சக்தி குறைந்த சிவப்பு ஒளி, அல்லது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. 1967-ல் ஹங்கேரியில் எண்ட்ரே மெஸ்டர் என்ற மருத்துவர், லேசரால் புற்றுநோய் வருமா என்று பார்க்க, மயிர் மழித்த எலிகள் மீது அதைப் பாய்ச்சினார். புற்று வரவில்லை. மாறாக, மழித்த இடத்தில் மயிர் சீக்கிரம் வளர்ந்தது! அங்கிருந்துதான் இந்தச் சிகிச்சை கிளம்பியது. செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா இந்த ஒளியை உறிஞ்சிக்கொள்கிறது, அதனால் அழற்சி தணிகிறது என்று விளக்கம் சொல்கிறார்கள்.

பலன் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி இல்லை. 820 பேர் பங்கேற்ற 16 ஆய்வுகளைத் தொகுத்து, கழுத்து வலி குறைகிறது என்று 2009-ல் 'லான்செட்' இதழ் வெளியிட்டது. ஆனால், 1998-ல் கணுக்கால் சுளுக்கு வந்த 217 பேரிடம் நெதர்லாந்தில் நடந்த சோதனையில், பொய் லேசர் காட்டப்பட்டவர்களைவிட நிஜ லேசர் வாங்கியவர்கள் சீக்கிரம் குணமாகவில்லை. பிள்ளைகளுக்கு அதிகம் வருவது இந்தச் சுளுக்குதானே!

அளவும் முக்கியம். பஸ்பத்தை அரிசி எடை பார்த்துத்தானே கொடுக்கிறோம்? ஒளியும் அப்படித்தான். குறைந்தால் வேலை செய்யாது, கூடினால் ஆறுவதையே தடுக்கலாம். 'எத்தனை ஜூல் கொடுக்கிறீங்க?' என்று தைரியமாகக் கேளுங்கள். பதில் சொல்லாமல் மழுப்பினால் பர்ஸைத் திறக்காதீர்கள்.

எனக்கு உண்மையான பயம் வேறு. விழும்போது முழங்காலில் 'டக்'கென்று சத்தம், இரண்டு மணி நேரத்துக்குள் வீக்கம், பிறகு திரும்பும்போது கால் வழுக்கிக்கொண்டு போவது... இவை இருந்தால் உள்ளே லிகமென்ட் அறுந்திருக்கலாம். அறுந்ததை எந்த ஒளியும் ஒட்ட வைக்காது. வலி மட்டும் அடங்கி, பையன் மறுபடி களத்தில் இறங்கினால் மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்பும் சேர்ந்து கிழியும். எங்கள் பக்கத்திலும் இதே கூத்து உண்டு. அடிபட்ட அன்றைக்கே எண்ணெய் போட்டு இழுத்து நீவி, வீக்கத்தை இரண்டு மடங்காக்கி அனுப்புகிறவர்களை நான் ஆதரிக்கவே மாட்டேன்.

கணுக்காலில் அடிபட்டு நாலு அடி ஊன்றி நடக்க முடியவில்லையா? முதலில் எக்ஸ்ரே. எலும்பு நன்றாக இருந்தால் கட்டு, ஓய்வு. புளியும் உப்பும் கொதிக்க வைத்த பற்றை வெதுவெதுப்பாகப் போடலாம், தோல் கிழிந்திருந்தால் கூடாது. வலி தணிந்ததும் பயிற்சி. லேசர் வைப்பதானால் அது இவற்றோடு சேர்ந்த துணை மருந்தாக இருக்கட்டும். அப்போது கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடச் சொல்லுங்கள். பையனை எப்போது ஆட விடுவது? அடிபட்ட ஒற்றைக் காலில் குதித்து, தடுமாறாமல் நிற்கிறானா என்று பிசியோதெரபிஸ்ட் பார்த்துச் சொன்ன பிறகு.