மேடைக்கு வெளிச்சம்... லைட்காரருக்கு?

மதுரை வட்டாரத்தில் திருவிழா வந்துவிட்டால் விடிய விடிய வள்ளி திருமணம் நாடகம்தான். ராஜபார்ட்டை ஊரே பார்க்கும். சவுக்குக் கம்பில் ஏறி லைட் கட்டுகிறாரே, அவரை யார் பார்க்கிறார்கள்?

காலில் செருப்பு கிடையாது. இடுப்பில் கயிறு கிடையாது. ஒயரைப் பல்லால் கடித்துச் சீவி, பிளக்கே இல்லாமல் தீக்குச்சியை வைத்துச் சொருகுகிறார். மழை தூறினால் போச்சு, மேடைக் கம்பியெல்லாம் ஷாக்!

பணம் கொழிக்கும் சினிமாவிலேயே நடந்ததே! 2020 பிப்ரவரி 19 இரவு. பூந்தமல்லி அருகே 'இந்தியன்-2' படப்பிடிப்பில் ராட்சத லைட்டோடு கிரேன் சரிந்தது. உதவி டைரக்டர் உள்பட 3 பேர் பரிதாபமாக இறந்தனர். தூக்கிய லைட்டுக்குக் கீழே ஆள் நிற்கக் கூடாது என்பது தொழிலின் பாலபாடம்!

ஷாக்குக்கு மருந்து இருக்கிறது. 30 மில்லி ஆம்பியர் கரண்ட் கசிந்தாலே இமைக்கிற நேரத்தில் இணைப்பை வெட்டும் ஆர்.சி.சி.பி. சுவிட்ச், எலெக்ட்ரிக் கடைகளில் கிடைக்கிறது. எர்த்தும் சரியாக இருக்க வேண்டும். வாணவேடிக்கைக்குப் பணத்தைக் கொட்டுகிற விழாக் கமிட்டிக்கு இது ஒரு செலவா? இந்த சுவிட்ச் இல்லாத மேடைக்கு மின்வாரியத்தார் தற்காலிக இணைப்பே தரக் கூடாது. அன்றைக்கு நாடகம் நின்றாலும் சரிதான்!