சேகோ களத்து வெயில்

ஆத்தூர், ராசிபுரம் பக்கம் சேகோ ஆலைகளின் ஜவ்வரிசி காயும் சிமெண்டுக் களங்களில், ஐம்பதைத் தாண்டிய பெண்களும் உச்சிவெயிலில் துழாவிக்கொண்டிருக்கிறார்கள். வெயில் மேலிருந்து மட்டுமா வருகிறது? வெள்ளை வெளேரென்ற ஜவ்வரிசியும் அதை முகத்துக்கே திருப்பி அடிக்கிறது. கன்னத்து மங்குத் திட்டையும் கண்ணோரச் சுருக்கத்தையும் ‘வயசாகிடுச்சு’ என்று நாம் தள்ளிவிடுகிறோம். அதில் பெரும்பங்கு புற ஊதாக் கதிரின் வேலை. 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, பெருமைதான். அதைக் காயவைக்கும் முகங்களுக்கு என்ன செய்தோம்? எஸ்பிஎஃப் 30 சன்ஸ்கிரீனை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பூசச் சொல்கிறார்கள் தோல் மருத்துவர்கள். தினக்கூலியில் அது கட்டுப்படியாகுமா? தலையில் கட்டிய துண்டு கன்னத்தை மறைப்பதில்லை. அகல விளிம்புத் தொப்பி, முழுக்கைச் சட்டை, களத்தோரம் ஒரு நிழற்கூரை, கூடவே சன்ஸ்கிரீன்: இவை ஆலைச் செலவில் வர வேண்டும், கூலியில் பிடிக்காமல்.